கரிச் சட்டியும் கண்மணி நாயகத்தின் கட்டளையும்

 

நம் இல்லங்களில் இடைவிடாது ஓதப்பட்டு வரும் யாஸீன் சூராவின் இறுதிப் பகுதியில், பச்சை மரத்திலிருந்து மனிதனுக்கு நெருப்பை உண்டாக்கித் தந்ததை வல்ல அல்லாஹ் நினைவூட்டுகின்றான். வாகிஆ சூராவில் அதே நெருப்பை ஒரு நினைவூட்டலாகவும், பயணம் செய்வோருக்குப் பயன்தரும் பொருளாகவும் ஆக்கியதாக எடுத்துரைக்கின்றான். நெருப்பு ஓர் அருட்கொடை. அருட்கொடைகள் அனைத்தும் அமானத் ஆகும். அமானத்தைப் பேணும் முறை அறியாதவர் கையில் அருட்கொடையே ஆபத்தாக மாறிவிடும். இந்தக் கட்டுரையில் நான் உங்களுடன் பேச விரும்புவது, பச்சை மரம் நெருப்பாவதற்கு இடையில் எடுக்கும் ஒரு கறுப்பு வடிவத்தைப் பற்றி. அதாவது கரியைப் பற்றி.

சமவெளியில் வாழும் வாசகர்களுக்குக் கரி என்றதும் இஸ்திரிப் பெட்டியும், கல்யாண வீட்டு பிரியாணியின் தம்மும், வெள்ளி இரவின் சாம்பிராணிப் புகையும் நினைவுக்கு வரலாம். நீலகிரியில் வாழும் எங்களுக்கோ அது குளிர்காலத் துணைவன். உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலைப் புல்வெளியில் உறைபனி வெள்ளைத் துணி விரித்தாற்போல் கிடக்கும். பஜ்ருத் தொழுகைக்கு உளூச் செய்யும் தண்ணீர் ஊசியாகக் குத்தும். இத்தகைய இரவுகளில் ஏழை எளியோரும் நடுத்தரக் குடும்பத்தாரும் ஓர் இரும்புச் சட்டியில் கரியைக் கனியவைத்து, அதைச் சுற்றி அமர்ந்து கை காய்ச்சுவது இங்கு வழக்கம். குளிர்காலம் வருமுன்னரே கரி மூட்டை வாங்கி வைப்பது, அரிசி மூட்டை வாங்குவது போன்ற ஒரு குடும்பக் கடமையாகும்.

கரி பிறக்கும் இடம்

நான் பிறந்தது இராமநாதபுரம் மாவட்டத்தில். அங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சீமைக் கருவேல மரங்கள் நிற்கும். அவற்றை வெட்டி அடுக்கி, மேலே வைக்கோலும் தழையும் பரப்பி, மண்ணால் மூடிப் பூசி, உள்ளே தீ மூட்டுவார்கள். இதற்கு மூட்டம் போடுதல் என்று பெயர். காற்றுப் புகுவதற்குச் சிறு துளைகளே இருக்கும். பல நாட்கள் அது உள்ளுக்குள் புகைந்து வேகும். காற்றுத் தாராளமாகக் கிடைத்தால் மரம் எரிந்து சாம்பலாகிவிடும். காற்றைக் குறைத்தால் கரியாகும். இதுவே அந்தத் தொழிலின் இரகசியம். நான்கைந்து கிலோ விறகை வேகவைத்தால் ஒரு கிலோ கரி கிடைப்பதே பெரிது. வெயிலிலும் புகையிலும் இரவு பகலாக விழித்திருந்து மூட்டத்தைக் காக்கும் தொழிலாளியின் உழைப்பு அந்த ஒரு கிலோவுக்குள் அடங்கியிருக்கிறது. கரி வாங்கும்போது அந்தக் கைகளுக்காகவும் நாம் ஒரு துஆச் செய்ய வேண்டும்.

மலையில் சீகை மரத்துக் கரியும் விற்பனைக்கு வரும். ஆனால் அரசுக் காட்டில் திருட்டுத்தனமாக மரம் வெட்டிச் சுட்ட கரியை, விலை மலிவு என்பதற்காக வாங்கலாகாது. திருடிய பொருள் என்று தெரிந்தே வாங்குபவர் அந்தப் பாவத்தில் பங்கு பெறுகிறார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மூட்டைக்குள் கைவிட்டுப் பாருங்கள்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றின் உள்ளே கையை விட்டுப் பார்த்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ள இந்தச் செய்தியை நான் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும்போதெல்லாம் கரி மூட்டையையே உதாரணமாகக் காட்டுவேன். ஏனெனில் கரி, தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் பொருள். நனைந்த கரி எடை கூடும். மேலே உலர்ந்த பெரிய கட்டிகளும், அடியில் ஈரத் தூளும் நிரப்பிய மூட்டையை எடை போட்டு வாங்கினால், நாம் கரியின் விலையைத் தண்ணீருக்குக் கொடுத்தவர்களாவோம்.

எங்கள் ஊரில் வயது முதிர்ந்த கரி வியாபாரி ஒருவர் இருந்தார். மழையில் நனைந்த மூட்டைகளைக் கடையின் முன்புறம் தனியாக வைத்து, “இது ஈரம், விலை குறைவு, வெயிலில் காயவைக்க இடம் இருந்தால் மட்டும் வாங்குங்கள்” என்று சொல்லி விற்பார். அவர் அந்த ஹதீஸைப் படித்தவரா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அதன்படி வாழ்ந்தவர்.

நல்ல கரியை அடையாளம் காண்பது எளிது. கையில் எடுத்தால் அதன் பருமனுக்கு எடை குறைவாக இருக்க வேண்டும். ஒன்றோடொன்று தட்டினால் உலோகத்தைத் தட்டியது போலக் கணீரென்று ஒலிக்க வேண்டும். உடைத்தால் உட்புறம் பளபளக்க வேண்டும். பழுப்பு நிறமாகவும், மரத்தின் நார் தெரியும்படியும் இருந்தால் அது வேகாத கரி. பற்றவைத்தால் புகைந்து கண்ணைக் கரிக்கும். மலையில் ஜூன் மாதத்தில் தொடங்கும் மழை, இடைவெளி விட்டு விட்டு நவம்பர் வரை நீடிக்கும். ஆகவே கோடையிலேயே, உலர்ந்த நாட்களில், குளிர்காலத்துக்கான கரியை வாங்கி வைப்பதே சிக்கனமாகும்.

எங்கே வைப்பது?

கரி மூட்டையை வீட்டுக்குள் கொண்டுவந்ததும் மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிடுவது பலருடைய பழக்கம். இது சரியன்று. புதிதாகச் சுட்ட கரி, காற்றிலுள்ள ஆக்ஸிஜனை உறிஞ்சும்போது தானாகவே சூடேறும் இயல்புடையது. தூள் மிகுந்த கரி குவியலாக அடைந்து கிடந்தால், அந்தச் சூடு வெளியேற வழியின்றிப் பெருகி, எவரும் தீ வைக்காமலே பற்றிக்கொள்வதுண்டு. சில வேளைகளில் உள்ளே அணையாத கங்கு ஒன்று ஒளிந்திருந்து மூட்டையோடு பயணம் செய்து வீடு வரை வந்துவிடும். எனவே புது மூட்டையை முதலில் வெட்ட வெளியில், கூரைக்கு அடியில் வைத்து, வாயைத் திறந்து ஓரிரு நாட்கள் ஆறவிட வேண்டும். கையை வைத்துப் பார்த்தால் சூடு தெரியக் கூடாது.

பிறகு தரையில் ஈரம் ஏறாதபடி செங்கல்லும் பலகையும் போட்டு, அதன்மேல் மூட்டையை நிறுத்தலாம். சாரல் படாத இடமாக இருக்கட்டும். எரிவாயு உருளை, மண்ணெண்ணெய், பழைய துணி, செய்தித்தாள் ஆகியவற்றின் அருகில் வேண்டாம். படுக்கும் அறையில் அறவே வேண்டாம். மூட்டையைக் கொட்டும்போது எழும் தூள் மார்புச் சளிக்காரர்களுக்கும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் பகை. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, குழந்தைகளை அப்புறப்படுத்திவிட்டுக் கொட்ட வேண்டும்.

இதுவரை சொன்னவை பொருளுக்கும் பணத்துக்கும் உரிய எச்சரிக்கைகள். இனிச் சொல்லப்போவது உயிருக்கு உரியது.

ஒரு சிறுமியின் தலைவலி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரி மாதம். காலை மதரஸாவில் ஓத வரும் சிறுமி ஒருத்தி தொடர்ந்து மூன்று நாட்கள் சோர்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னவென்று கேட்டேன்.

“தலை வலிக்குது, ஹஜ்ரத். வாந்தி வர்ற மாதிரி இருக்கு. பள்ளிக்கூடத்துக்குப் போய் வெயில்ல நின்னா சரியாயிடும்” என்றாள்.

“வீட்டில் வேறு யாருக்காவது உடம்பு சரியில்லையா?”

“எல்லாருக்கும் தலைவலிதான். எங்க பூனைகூட எழுந்திரிக்காம படுத்தே கிடக்குது.”

அவளுடைய தாய்க்குக் குழந்தை பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன என்பது எனக்குத் தெரியும். வேறு ஒரு கேள்வி கேட்டேன். இரவில் அறையில் கரிச் சட்டி வைக்கிறீர்களா? ஆம் என்றாள். கதவும் ஜன்னலும்? “குழந்தைக்குக் குளிரும்னு நன்னிமா எல்லாத்தையும் சாத்திடுவாங்க.”

ஒரே வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி. வெளியே போனால் தெளிகிறது. வளர்ப்புப் பிராணியும் வாடுகிறது. கரி எரியும் வீட்டில் இந்த மூன்றும் சேர்ந்தால் அதற்குச் சளி, காய்ச்சல் என்று பெயர் வைத்து நாள் கடத்தக் கூடாது. நான் என் மனைவியை அழைத்துக்கொண்டு உடனே அந்த வீட்டுக்குச் சென்றேன். நான் தாழ்வாரத்தில் நின்றேன். மனைவி உள்ளே சென்று கதவு ஜன்னல்களைத் திறக்கச் செய்து, தாயையும் சேயையும் போர்த்தி வெளியே அழைத்து வந்தார். சிறுமியின் அத்தா அவர்களை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார். அல்ஹம்துலில்லாஹ், ஆபத்து எதுவுமின்றி இருவரும் வீடு திரும்பினார்கள்.

கண்ணுக்குத் தெரியாத வாயு

நடந்தது என்ன? கனன்றுகொண்டிருக்கும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு வெளிப்படுகிறது. தணலின் உட்பகுதியில் முழுமையாக எரியக் காற்றுப் போதாத இடத்தில் அது உருவாகிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, கண்ணைக் கரிக்காது, இருமல் வராது. நம் இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினுடன் அது, ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் ஒட்டிக்கொள்கிறது. மூச்சு உள்ளே போய் வந்துகொண்டிருக்கும். ஆனால் உயிர்க்காற்று உடலுக்குச் சேராது. முதலில் தலைவலி, மயக்கம், குமட்டல், கை கால் தளர்ச்சி. விழித்திருப்பவர் எழுந்து வெளியே போகலாம். உறங்குபவரோ எழுவதே இல்லை. கருவுற்ற பெண்களும், வயிற்றில் உள்ள சிசுவும், கைக்குழந்தைகளும், இதய நோயாளிகளும் இதனால் விரைவில் பாதிக்கப்படுவார்கள்.

புகை வந்தால்தான் ஆபத்து என்று நம் மக்கள் எண்ணுகின்றனர். அதனால் வெளியே வைத்துப் புகை அடங்கியதும், செந்தணலாகக் கனிந்த சட்டியைப் பத்திரம் என்று நம்பி உள்ளே கொண்டுவருகின்றனர். சாம்பல் பூத்த கங்கிலிருந்தும் அந்த வாயு வெளிப்பட்டுக்கொண்டுதான் இருக்கும். மரக்கரி ஆனாலும், நிலக்கரி ஆனாலும், தூளைப் பிசைந்து செய்த கரிக்கட்டி ஆனாலும் இதில் வேறுபாடு இல்லை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும், மூடிய அறையில் கரி நெருப்பு வைத்து உறங்கியவர்கள் காலையில் உயிரற்றுக் கிடந்த செய்திகளைக் குளிர்காலங்களில் நாம் படித்திருக்கிறோம். அவர்களில் உள்ளூர்க்காரரும் உண்டு. சுற்றுலா வந்தவரும் உண்டு.

மாறியது கரியன்று, வீடு

அன்று மாலை அந்த நன்னிமா என்னிடம் மனம் நொந்து பேசினார்கள். “எங்கம்மா எனக்கு வெச்சாங்க. நான் என் ஆறு பிள்ளைகளுக்கும் வெச்சேன். பச்சை உடம்புக்காரிக்குக் குளிர் தாக்குனா ஜன்னி கண்டுடுமே, ஹஜ்ரத். அன்னிக்கெல்லாம் ஒண்ணும் ஆகலையே!”

அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. தாய்க்கும் குழந்தைக்கும் வெதுவெதுப்பு வேண்டும் என்பதும் உண்மையே. அவர்களுடைய அக்கறையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் ஒன்று கேட்டேன்: “நீங்கள் பிள்ளை பெற்ற வீடு எப்படி இருந்தது, நன்னிமா?”

நாட்டு ஓடு வேய்ந்த வீடு என்றார்கள். ஓட்டிடுக்கில் நிலா வெளிச்சம் தெரியுமாம். பலகைக் கதவின் இடுக்கில் காற்று ஊளையிடுமாம். சமையலறைச் சுவரில் புகை போக வழி இருந்ததாம். சொல்லிக்கொண்டே வந்தவர்கள், சற்று நிறுத்தி, தலைக்கு மேலிருந்த சிமெண்ட் கூரையை நிமிர்ந்து பார்த்தார்கள். கண்ணாடி ஜன்னலைப் பார்த்தார்கள். கதவடியில் தாமே சுருட்டி வைத்த சாக்கைப் பார்த்தார்கள்.

“அந்த வீட்டுல குளிர் உள்ளே வருதேன்னு தினமும் புலம்புவோம். உயிரும் அந்த இடுக்கு வழியாத்தான் வந்திருக்கு” என்றார்கள்.

இதைவிடத் தெளிவாக என்னால் விளக்க முடியாது. வாசகர்களே, கரி அதே கரிதான். பழக்கமும் அதே பழக்கம்தான். மாறியது வீடு. முன்னோர் ஓட்டை வீட்டில் செய்ததை அடைத்த வீட்டில் செய்தால் பலன் ஒன்றாக இராது. பெரியவர்களைத் திருத்தப் புகும் இளையவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னால் சட்டி மீண்டும் உள்ளே வந்துவிடும். வீடு மாறிவிட்டது என்று சொல்லுங்கள். அவர்களே சட்டியை வெளியே வைப்பார்கள்.

நாயகம் (ஸல்) எதிரி என்றார்கள்

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு, அதில் இருந்தவர்களோடு தீக்கிரையானது. அச்செய்தி கண்மணி நாயகம் (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, இந்த நெருப்பு உங்களுக்கு எதிரி. நீங்கள் உறங்கச் செல்லும்போது அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் அறிவுறுத்தினார்கள். இதை அபூமூஸா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். உறங்கும்போது வீடுகளில் நெருப்பை விட்டு வைக்காதீர்கள் என்ற கட்டளையை இப்னு உமர் (ரலி) அவர்களும் அறிவித்துள்ளார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இவை இடம்பெற்றுள்ளன.

எண்ணிப் பாருங்கள்! சமைத்துத் தரும் நெருப்பை, வெளிச்சம் தரும் நெருப்பை, குளிர் போக்கும் நெருப்பை நாயகம் (ஸல்) அவர்கள் எதிரி என்கிறார்கள். எப்போது? நாம் உறங்கும்போது! விழித்திருப்பவனுக்கு அது வேலைக்காரன். உறங்குபவனுக்கு அது எதிரி. கார்பன் மோனாக்சைடு என்ற பெயரை உலகம் அறியாத காலத்தில் சொல்லப்பட்ட இந்தக் கட்டளையை அப்படியே பின்பற்றியிருந்தால், அந்தச் செய்தித்தாள்களில் வந்த எத்தனையோ ஜனாஸாக்கள் புறப்பட்டிரா. சுன்னத் என்றால் உடையிலும் உணவிலும் மட்டும் தேடும் நாம், படுக்கப் போகுமுன் நெருப்பை அணைப்பதும் ஒரு சுன்னத் என்பதை மறக்கலாமா? நம்மை நாமே அழிவில் தள்ளிக்கொள்ளக் கூடாது என்பது திருக்குர்ஆனின் கட்டளையன்றோ!

குளிருக்கு என்னதான் செய்வது?

கரியைத் தாழ்வாரத்திலோ முற்றத்திலோ பற்றவையுங்கள். மண்ணெண்ணெயைத் தணல் மீது ஊற்றாதீர்கள். கை காய்ச்சுவதானால் திறந்த தாழ்வாரத்திலேயே சுற்றி அமருங்கள். சாம்பிராணி போடுவதானால் கதவு ஜன்னல்களைத் திறந்து வைத்துச் சிறிது நேரத்தில் முடித்துக்கொண்டு, கங்கை வெளியே கொண்டுபோய்விடுங்கள். ஒரு ஜன்னலைச் சற்றே திறந்து வைத்தால் போதும் என்று நம்பி, தணலோடு உறங்காதீர்கள். மூடிய குளியலறையில் எரியும் கேஸ் கீசரிலிருந்தும் இதே வாயு வரும் என்பதை நகரத்து வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

தாய்க்கும் குழந்தைக்கும் கம்பளியும், தொப்பியும், காலுறையும் போதிய காப்பாகும். தாயின் மார்போடு குழந்தையை அணைத்துப் போர்த்திக்கொள்வது மருத்துவர்களும் பரிந்துரைக்கும் முறை. அந்தச் சூட்டைவிடச் சிறந்த கணப்பு உலகில் இல்லை. படுக்கையை வெந்நீர்ப் பை வைத்து முன்கூட்டியே சூடாக்கி, குழந்தையைக் கிடத்துமுன் பையை எடுத்துவிடலாம். வசதியுள்ளோர் மின்சாரக் கணப்பு வாங்கலாம். இந்த வாயுவைக் கண்டுபிடித்து ஒலியெழுப்பும் கருவிகளும் இப்போது கிடைக்கின்றன. மலை ஊர்களின் மஹல்லாக்கள், ஏழைக் குடும்பங்களுக்குக் குளிர்காலத்தில் கம்பளி வழங்கினால் அதுவே பல கரிச் சட்டிகளை வெளியேற்றிவிடும்.

யாரேனும் மயங்கிக் கிடந்தால், முதலில் கதவு ஜன்னல்களைத் திறந்து அவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவாருங்கள். 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். கரி எரிந்த செய்தியை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். உடனே ஆக்ஸிஜன் கொடுப்பார்கள். தூங்கட்டும், தெளிந்துவிடுவார் என்று விட்டுவிடாதீர்கள்.

காலையில் சாம்பலை அள்ளும்போதும் கவனம் தேவை. சாம்பலுக்குள் ஒளிந்த கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். பிளாஸ்டிக் வாளியிலோ குப்பைத் தொட்டியிலோ கொட்டாமல், மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டுத் தண்ணீர் தெளித்து, நன்கு ஆறிய பின்னரே அப்புறப்படுத்த வேண்டும்.

அன்பு சகோதர சகோதரிகளே! இன்று இரவு இஷாத் தொழுகை முடிந்து, கதவைத் தாழிட்டு, உறங்கும் துஆ ஓதுமுன் உங்கள் வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். கனலும் கங்கு எங்கேனும் உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் பிஸ்மில்லாஹ் சொல்லி அணைத்துவிட்டுப் படுங்கள். பச்சை மரத்திலிருந்து நெருப்பைத் தந்த ரஹ்மான், அந்த நெருப்பின் தீங்கிலிருந்து நம் குழந்தைகளையும், தாய்மார்களையும், பெரியோர்களையும் இம்மையிலும் மறுமையிலும் காத்தருள்வானாக! ஆமீன்.